சோமசேகரத்தாரின் வாய்

“இஞ்சேருங்கோ, இவருக்கு நேற்று வாய் இருந்தது எல்லே?”

நிவேதிகா கேட்ட கேள்வியில் நிருபனுக்குக் குடித்த பிளேன்ரீ புரைக்கேறியது. எழும்பி வந்து திரையைப் பார்த்தான். காலஞ்சென்ற சோமசேகரத்தார் நெற்றி, புருவம், கண், மூக்கு என்று ஒழுங்காகத்தான் இறங்கி வந்தார். மூக்கோடு ஆள் முடிந்துபோனார். அதற்குக் கீழே சாம்பலும் ஊதாவுமாகக் கோடு கோடாக, கொடியில் காயப்போட்ட சாறம் மாதிரி ஏதோ தொங்கியது.

“மூடிப்போட்டுத் திற,” என்றான் மனைவியிடம்.

மூடித் திறந்தாள். சாறத்தின் நிறம் மாறியது. வாய் வரவில்லை.

“படம் பழுதாயிருக்கு, சரியாக்கிச் சேமிக்கவோ எண்டு கேக்குது. என்ன செய்ய?”

“சரியாக்கிறன் எண்டு அதுவே சொல்லுதெல்லே? ஓம் எண்டு குடு.”

குடுத்தாள். சோமசேகரத்தாரின் வலது காதும் போனது.

நிருபன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தான்.

“காதைப் பற்றிப் பிரச்சினையில்லை,” என்றான் மெதுவாக. “மற்றக் காதைத் திருப்பி ஒட்டலாம். வாய் ஆளுக்கு ஒண்டுதானே.”

திருகோணமலையில், உட்துறைமுகத்தின் காற்று நேரே வந்து அடிக்கிற ஒரு ஒழுங்கையில் இருந்தது அவனுடைய அச்சுக்கடை. கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், பெண்பிள்ளை பெரியவளானதற்கு எடுக்கிற சாமத்தியவீட்டு பனர் எல்லாம் அடிப்பான் என்றாலும் கடை ஓடுவது கல்வெட்டால்தான். கல்வெட்டு என்றதும் வெளியூரார் கல்லையும் உளியையும் நினைப்பார்கள். எங்கள் பக்கத்தில் அது ஒரு சின்னப் புத்தகம். செத்தவரின் படத்தை முகப்பில் போட்டு, குடும்ப வரலாறு, புலம்பல் பாட்டு, தேவாரம், கடைசியில் நன்றியுரை என்று அடித்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து சாப்பிடுகிற எல்லாருடைய கையிலும் கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் சாப்பாடு பிந்தினாலும் சனம் பொறுக்கும். கல்வெட்டு பிந்தினால் பொறுக்காது.

சோமசேகரத்தாரின் அந்தியேட்டி வருகிற வெள்ளிக்கிழமை. அன்றைக்குச் செவ்வாய்.

சோமசேகரத்தார் அரிசி மில் வைத்து மதிப்பாக வாழ்ந்த மனிதர். அவரிடம் ஒரேயொரு வில்லங்கம், கமெராவைக் கண்டால் முதுகைக் காட்டிவிடுவார். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று சின்ன வயதில் ஆரோ சொல்லிவைத்துவிட்டார்கள். கலியாணத்தில் வலுக்கட்டாயமாக எடுத்த படத்தையும் சுனாமி கொண்டுபோனது. அடையாள அட்டைப் படம் தேய்ந்து, அதில் ஒரு தலை இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. செத்தவீட்டு நோட்டீஸையும் படமில்லாமல்தான் ஒட்டினார்கள். “முகமில்லாமல் அனுப்பிப்போட்டனே” என்று அவர் மனைவி இராசமலர் அழுத அழுகை அவர்கள் வீடிருந்த உவர்மலை முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகுதான் மகன் கஜீபன் ஒரு பழைய படத்தோடு கடைக்கு வந்தான். கூடவே சித்தி கமலாதேவி, அதாவது எப்போதோ இறந்துபோன சித்தப்பாவின் மனைவி. படம் சித்தியின் அலுமாரியில் கிடந்ததாம். அப்பா இளந்தாரியாக இருந்தபோது எடுத்ததாம். நிருபன் அதை ஸ்கான் பண்ணி முடிக்கும் வரைக்கும் அந்த மனுசி மெசினுக்குப் பக்கத்தை விட்டு அசையவில்லை. மூடி திறந்ததும் படத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் மூச்சு விட்டா.

“பயப்பிடாதேங்கோ அன்ரி,” என்று நிருபன் அன்றைக்குப் பெருமையாகச் சொன்னான். “இஞ்ச எல்லாம் ரெண்டு டிஸ்கில இருக்கும். ஒண்டில எழுதினால் மற்றதிலயும் அப்பிடியே எழுதும், கண்ணாடி மாதிரி. ஒண்டு செத்தாலும் மற்றது இருக்கும்.”

சுவரில் பெரிதாக எழுதியும் வைத்திருந்தான்: ‘உங்கள் நினைவுகள் இங்கே இரட்டைப் பாதுகாப்பில்.’

இப்போது அந்த எழுத்தைப் பார்க்காமல் கணினிப் பக்கம் குனிந்தான். கணினிக்கு மூடி கிடையாது. துறைமுகக் காற்று உள்ளே போய்ச் சூட்டைத் தணிக்கட்டும் என்று, யன்னலோரத்தில் வயிறு திறந்தபடியே அதை வைத்திருந்தான்.

“ஒண்டு பழுதெண்டால் மற்றதில இருக்கும். அதுக்குத்தானே ரெண்டு.”

ஒரு டிஸ்கைக் கழற்றிவிட்டு மற்றதில் திறந்து பார்த்தான். மூக்கு, சாறம். மாற்றிப் பூட்டினான். மூக்கு, சாறம். ஒரு கோடுகூட வித்தியாசமில்லை.

“நான் ஒண்டு கேக்கட்டோ?” என்றாள் நிவேதிகா.

“கேக்காதை.”

“முகத்தில கரி பூசிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால நிண்டால், உள்ளுக்குத் தெரியிறவருக்கு மட்டும் கரி இல்லாமல் இருக்குமோ?”

நிருபன் இரண்டு டிஸ்கையும் திரும்பப் பூட்டினான். தனித்தனியாக ஓடவிட்டதில் இப்போது இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, ஒப்பிட்டு ஒன்றாக்கவா என்று கணினி கேட்டது. பணிவாகத்தான் கேட்டது. அவனும் ஓம் என்றான். அது மத்தியானம் வரைக்கும் கரகரவென்று ஒன்றாக்கியது.

ஒன்றாக்கி முடித்தபோது சோமசேகரத்தாருக்குத் துணையாக வேறு ஆட்களும் கெட்டுப்போயிருந்தார்கள். தேர்த்திருவிழா நோட்டீஸில் உபயகாரர் பெயர்கள் சின்னச் சின்னப் பெட்டிகளாக மாறியிருந்தன. ஒரு சாமத்தியவீட்டு பனரில் பிள்ளையின் கழுத்துக்குக் குறுக்கே பச்சைக் கட்டையொன்று கிடந்தது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளையின் தாய் கடைக்குள் ஏறினா.

“தம்பி, என்ர பிள்ளை ஏன் ரெண்டா வெட்டுப்பட்டுக் கிடக்கிறாள்?”

“அது… அது இப்பத்தைய டிசைன் அக்கா.”

“கொழும்பிலயும் இப்பிடித்தான் அடிக்கினமோ?”

“ஓம் ஓம்.”

“அப்ப இன்னும் ரெண்டு கட்டை போடுங்கோ. மச்சாள் வீட்டு பனரைவிட எடுப்பா இருக்கவேணும்.”

அவ போனபிறகு நிவேதிகா புருசனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவன் பச்சைக் கட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம்.

வேறு வழியில்லாமல் கஜீபனுக்குப் போன் போட்டான்.

“தம்பி, அந்தப் படத்தை இன்னொருக்கால் தாறீங்களோ? இன்னும் கொஞ்சம் துலக்கமா எடுத்தால் நல்லா இருக்கும்.”

“ஐயோ அண்ணை, சித்தியிட்ட ரெண்டாந்தரம் கேக்க ஏலாது. முதல் தரம் தந்ததே பெரிய காரியம். ஏன், படத்துக்கு ஏதும் நடந்துபோச்சோ?”

“சீச்சீ!”

“அதுதானே. ரெண்டு டிஸ்கில எல்லே இருக்கு. அம்மாவுக்கு நாங்கள் படத்தைக் காட்டேல்லை அண்ணை. கல்வெட்டிலயே பாக்கட்டும் எண்டு சித்தி சொல்லிப்போட்டா. ஆனால் அப்பா ரெண்டு இடத்தில பத்திரமா இருக்கிறார் எண்டு சொன்னனான். அதிலயிருந்து அம்மா ஒழுங்காச் சாப்பிடுறா. வெள்ளிக்கிழமை அவற்ர முகத்தைப் பாக்கலாமெண்டு நாளை எண்ணிக்கொண்டிருக்கிறா.”

நிருபன் போனை வைத்தான். ஒரு வெறும் படமென்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாம். இது ஒரு மனுசி காத்துக்கொண்டிருக்கிற முகம்.

மறுநாள் காலமை றுவைஸ் வந்தான். பக்கத்து வீதியில் கணினி திருத்துகிறவன், நிருபனோடு கூடப் படித்தவன். வந்ததும் ஒரு நல்ல படத்தை எடுத்து அதைத் திரும்பத் திரும்பக் கொப்பி பண்ணி, கொப்பிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் கெட்டிருந்தது.

“டிஸ்க் போட்டுது எல்லே?” என்றான் நிருபன். டிஸ்க் போயிருந்தால் அது கொம்பனியின் பிழை. தன் பிழையில்லை.

“அவசரப்படாத மச்சான்.”

றுவைஸ் வயரை மாற்றினான், ஒப்பிட்டான். பழுதுதான். வேறு டிஸ்க் பூட்டினான். அதிலும் பழுது. மின்சாரப் பெட்டியை மாற்றினான். அதற்கும் மசியவில்லை. பிறகு கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசித்தான்.

“டிஸ்க் ரெண்டும் அப்பாவி மச்சான். குடுத்ததை அப்பிடியே எழுதிருக்கு. குடுக்கிறதுக்கு முந்தியே கெட்டுப்போகுது.”

“அப்ப ரெண்டு டிஸ்க் இருந்து என்ன பிரயோசனம்?”

“ஒண்டு உடைஞ்சா மத்தது இருக்கும், அவ்வளவுதான். ரெண்டுக்கும் ஒரே பொய்யைச் சொல்லிக் குடுத்தா ரெண்டும் சேர்ந்து அதையேதான் சொல்லும். நீ வேற, ரெண்டும் வேற வேற கதை சொல்லேக்க ஒண்டாக்குன்னு சொல்லிருக்காய். எது உண்மைன்னு அதுக்கென்ன தெரியும்? கையில வந்ததை உண்மையாக்கிட்டுது.”

மெமரியைச் சோதிக்கிற நிரலைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள் இறங்கின. றுவைஸ் மெமரித் தகட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். பிடித்தவன் அப்படியே நின்றான்.

“மச்சான், இதில மஞ்சளா என்னமோ காய்ஞ்சு கிடக்கு. நடுவில சிவப்பாவும் இருக்கு.”

நிருபன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“எலி கிலி ஏதும்…?”

“எலி இல்லை,” என்றாள் நிவேதிகா. “சந்தனம். நடுவில குங்குமம்.”

றுவைஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டான்: “உள்ளுக்குமா?”

விசயம் இதுதான். போன சரஸ்வதி பூசைக்கு நிருபன் கடையைக் கழுவித் துடைத்து, பிரிண்டருக்கும் ஸ்கானருக்கும் வெட்டுக் கத்திக்கும் பொட்டு வைத்தான். கணினி வயிறு திறந்துதானே இருந்தது. வெளியில் மட்டும் வைத்துவிட்டு உள்ளே உழைக்கிறதுகளை விட்டால் அதுகளுக்கு மனக்குறை வரும் என்று, ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகச் சந்தனம் குழைத்து வைத்தான். குழைத்த சந்தனம் வடிந்து, தகடு செருகுகிற வாய்க்குள் இறங்கி, கடல் காற்றின் உப்போடு சேர்ந்து இறுகியிருந்தது.

“பக்தியில வைச்சது,” என்றான் நிருபன். காது சிவந்துவிட்டது.

“வைச்சது நல்லதுதான் மச்சான். எங்கட கடையில நாங்க பெட்டிக்கு மூடி போட்டு வைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.”

நிவேதிகா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கடைக்குப் பின்னாலிருந்த அடுப்படிக்குள் ஓடினாள். சிரிப்புச் சத்தம் அங்கிருந்தும் வந்தது.

றுவைஸ் எல்லாவற்றையும் துடைத்து, புதுத் தகடு பூட்டி, மறக்காமல் மூடியும் போட்டுவிட்டு எழும்பினான். “இனி எழுதுறதெல்லாம் சரியா எழுதும். எழுதினதைப் பத்தி எங்கிட்ட கேக்காத. சோமசேகரத்தார்ர வாய் இந்த உலகத்தில இல்ல.”

அவன் படியிறங்கிப் போனான்.

“அவையிட்டச் சொல்லிப்போடுங்கோ,” என்றாள் நிவேதிகா.

“என்னெண்டு சொல்ல? நான் சந்தனம் வைச்சதில உங்கட அப்பான்ர வாய் போட்டுது எண்டோ?”

“உண்மை அதுதானே.”

“அந்த மனுசி சாப்பிடத் தொடங்கியிருக்கிறா, நிவே.”

அவள் கதிரையை இழுத்துக் கணினிக்கு முன்னால் இருந்தாள்.

கடையில் வாய்க்குப் பஞ்சமில்லை. ஊரில் காலமானவர்களின் படமெல்லாம் அந்தக் கணினியில்தான் கிடந்தது. கெடாமல் தப்பியதில் நல்ல நல்ல வாய்கள் இருந்தன. ஆனால் எந்த வாயை எடுத்தாலும் அதற்கு ஊரில் சொந்தக்காரர் இருந்தார்கள். அந்தியேட்டிப் பந்தியில் ஒருத்தர் எழும்பி, “இது எங்கட மாமான்ர சொண்டெல்லே” என்று கேட்டால் என்ன செய்வது?

பின்னேரம் நிருபன் சவரக் கத்தியை எடுத்தான். இளந்தாரியாக மீசை அரும்பிய நாளிலிருந்து அவன் அதில் கை வைத்ததில்லை. படத்தில் இருந்தவருக்கு மீசையில்லை என்பது மட்டும் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. வழித்துவிட்டு வந்து மனைவிக்கு முன்னால் நின்றான்.

“இந்த வாயை எடு.”

நிவேதிகா கமெராவைத் தூக்கினவள் திரும்ப இறக்கினாள்.

“கலியாணம் கட்டி இத்தினை வருசத்தில உங்கட மேல்சொண்டை இண்டைக்குத்தான் காணுறன்.”

“பகிடி விடாமல் எடு.”

“பேசாமல் நில்லுங்கோ. செத்த ஆள் கதைக்கிறேல்லை.”

எடுத்தாள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அளவைச் சுருக்கி, சோமசேகரத்தாரின் மூக்குக்குக் கீழே வைத்தான். பார்த்துப் பார்த்துத் தேய்க்க வேண்டிய ஒட்டு வேலை. ஆனால் வைத்தவுடனேயே வாய் போய் அதன் இடத்தில் இருந்துகொண்டது. நிறத்தைக் கொஞ்சம் மங்கலாக்கியதைத் தவிர அவன் ஒன்றும் செய்யவில்லை. இடது காதைத் திருப்பி வலது காதாக்கினான். சோமசேகரத்தார் முழு ஆளாக, ஏதோ சொல்லவந்து நிறுத்தியவர் போல, இருவரையும் பார்த்தார்.

“இவ்வளவு சுகமாப் பொருந்தினது எனக்குப் பிடிக்கேல்லை,” என்றாள் நிவேதிகா.

“கையில தொழில் இருக்கெல்லே,” என்றான் நிருபன். ஆனால் அச்சடித்து முடியும்வரைக்கும் முகப்பைக் கவிழ்த்தே அடுக்கினான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கல்வெட்டுக் கட்டுகளோடு உவர்மலைக்குப் போனான். படலையில் கொடுத்துவிட்டு ஓடிவருவதுதான் எண்ணம். கஜீபன் விடவில்லை.

“ஆத்மசாந்திச் சாப்பாடு, சாப்பிடாமல் போகக்கூடாது அண்ணை. முதல் புத்தகத்தை நீங்களே அம்மான்ர கையில குடுங்கோ.”

இராசமலர் வெள்ளைச் சீலையில், பாயில் இருந்தா. கல்வெட்டைக் கையில் வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தா. பார்த்துக்கொண்டே இருந்தா. நிருபனுக்கு முதுகுப் பக்கம் சேட் நனைந்துவிட்டது. பிறகு அந்த மனுசி ஒரு விரலால், கண்ணையுமல்ல நெற்றியையுமல்ல, வாயை மெல்லத் தடவினா.

“இவர்தான்,” என்று சொல்லி அழுதா. “இவரேதான். இப்ப வாயைத் திறந்து ‘மலர், தேத்தண்ணி’ எண்டு கேக்கப்போறமாதிரியே இருக்கு. நீங்கள் நல்லா இருக்கவேணும் தம்பி.”

நிருபன் தன் கீழ்ச்சொண்டைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். அந்த வாழ்த்தைக் கேட்டுக்கொண்டு நிற்பதைவிடக் கன்னத்தில் இரண்டு வாங்கியிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பந்தியில் அவனுக்கு எதிரே தம்பு என்கிற கிழவர் வந்து இருந்தார். சோமசேகரத்தாரின் மில்லில் கடைசிவரைக்கும் கூட நின்றவர். சோறு வருமட்டும் கல்வெட்டைப் பார்த்தார். பிறகு நிருபனைப் பார்த்தார். திரும்பக் கல்வெட்டைப் பார்த்தார்.

“தம்பி எவடம்?”

“கடை உட்துறைமுகப் பக்கம், ஐயா. சொந்த ஊர் கிளிவெட்டி.”

“ஓ.” தம்பு கல்வெட்டைக் கொஞ்சம் கிட்டப் பிடித்தார். “அம்மாவும் கிளிவெட்டியோ?”

“ஓம் ஐயா.”

“பேரென்ன?”

“இலட்சுமி.”

தம்பு கையில் எடுத்த அப்பளத்தைத் திரும்ப இலையில் வைத்தார். பக்கத்திலிருந்தவரின் காதில் குனிந்தார். கிழவருக்குக் காது மந்தம், ஆகவே அவருடைய இரகசியம் நாலு இலைக்குக் கேட்கும்.

“சோமண்ணை அந்த நாளில நெல்லெடுக்கக் கிளிவெட்டிக்குப் போறவர். போனால் கிழமைக்கணக்கில நிக்கிறவர். அந்த வாயைப் பார்… இந்த வாயைப் பார்.”

பருப்பு பந்தியின் அந்தத் தலைப்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. கதை இந்தத் தலைப்பிலிருந்து போனது. நடுவில் இரண்டும் சந்தித்தபோது, பருப்பு ஊற்றுகிறவர் அகப்பையைத் தூக்கிப் பிடித்தபடி நிருபனை எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவன் இலையில் விழுந்ததெல்லாம் இரட்டிப்பு. பூசணிக்காய் இரண்டு தரம், வடை இரண்டு. பாயசம் கொண்டுவந்த பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை நிரப்பினா.

“வடிவாச் சாப்பிடுங்கோ ராசா. இதுவும் உங்கட வீடுதான்.”

நிருபனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கை கழுவப் போன இடத்தில் கண்ணாடியில் மீசையில்லாத தன் முகத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

கஜீபன் கிணற்றடியில் காத்துக்கொண்டு நின்றான். முகம் வெளிறியிருந்தது.

“அண்ணை…” என்று தொடங்கிவிட்டு, அந்தச் சொல்லில் தானே இடறுப்பட்டு நின்றான். “உங்கட அம்மாவுக்கு எங்கட அப்பாவைத் தெரியுமோ?”

“ஐயோ தம்பி, அப்பிடி ஒண்டுமில்லை!”

“அம்மா உங்களை உள்ளுக்கு வரட்டாம்.”

உள்ளறையில் இராசமலர் கட்டிலில் இருந்தா. கல்வெட்டு மடியில் கிடந்தது. மூலையில் கமலாதேவி வெற்றிலைத் தட்டத்தோடு, சுவரோடு சுவராக இருந்தா. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு இராசமலர் அவனை ஏறிட்டுப் பார்த்தா. சற்றுமுன் அழுத கண் இல்லை இது.

“தம்பி, நான் கேக்கிறதுக்கு ஒளிக்காமல் மறுமொழி சொல்லுங்கோ. அவரோட நான் சீவிச்ச காலம் முழுக்க அவரை ஒரு சொல்லு சந்தேகமாக் கேட்டதில்லை. இண்டைக்கு அவருக்கு அந்தியேட்டி. வெளியில சனம் என்ர காதுபடக் கதைக்குது. நீங்கள் ஆர்?”

நிருபன் மடியில் கிடந்த கல்வெட்டைப் பார்த்தான். தன் வெட்கத்தை மறைக்கப் போட்ட வாய், செத்துப்போன ஒரு நல்ல மனிதரின் பேரைத் தின்றுகொண்டிருந்தது. இனி மறைக்க ஏலாது. அப்படியே நிலத்தில் குந்திவிட்டான்.

“அம்மா, நான் ஒரு மோடன். அவர் மேல ஒரு பிழையுமில்லை.”

எல்லாவற்றையும் சொன்னான். சந்தனம் குழைத்ததைச் சொன்னான். மெமரி கெட்டதை, கெட்ட படத்தை இரண்டு டிஸ்கும் அச்சொட்டாக எழுதிவைத்ததை, ஒன்றாக்கப் போய் ஊரையே கெடுத்ததை, சாமத்தியவீட்டுப் பச்சைக் கட்டையைக்கூடச் சொன்னான்.

“மூக்குக்குக் கீழ ஒண்டும் மிஞ்சேல்லை அம்மா. நீங்கள் முகம் பாக்கக் காத்திருக்கிறீங்கள் எண்டு தம்பி சொன்னவர். வெறுங்கையோட வர வெக்கமா இருந்தது. மீசையை வழிச்சுப்போட்டு என்ர வாயைப் படமெடுத்து ஒட்டினனான். அந்த வாய் என்ர வாய். அதுதான் சனத்துக்கு ஒருமாதிரித் தெரியுது. வேற ஒண்டுமில்லை. என்னை என்ன எண்டாலும் பேசுங்கோ.”

இராசமலர் கல்வெட்டைத் தூக்கிப் பார்த்தா. அவனுடைய வாயைப் பார்த்தா.

“அப்ப உங்கட வாயைத் தடவியோ நான் அவ்வளவு நேரம் அழுதனான்?”

“ஓம் அம்மா.”

“உங்கட வாயோ என்னட்டைத் தேத்தண்ணி கேட்டது?”

முதலில் தோள் குலுங்கியது. அழுகிறா என்றுதான் நிருபன் நினைத்தான். பிறகுதான் அந்த மனுசி சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. செத்தவீடு நடந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சத்தம். கஜீபனும் கதவில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினான்.

“மெமரிக்குப் பொட்டு வைச்சவராம் அம்மா!”

“பகிடி விடாதை தம்பி, பக்தியெல்லே. கஜீபன், போய் உந்தத் தம்பு அண்ணையிட்ட எல்லாத்தையும் சொல்லு. உரத்துச் சொல்லு, பந்திக்கெல்லாம் கேக்கட்டும். என்ர மனுசன்ர பேர் தப்பினது காணும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு நிருபனைப் பார்த்தா. “எழும்புங்கோ தம்பி. வெக்கப்படாதேங்கோ. வாய் ஆரின்ரையா இருந்தாலும் எனக்கு ஆறுதல் தந்தது.”

நிருபன் எழும்பினான். தலை இன்னும் நிமிரவில்லை என்றாலும் நெஞ்சுக்குள் கிடந்த பாரம் இறங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல்தரமாக, பயந்து பயந்து ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தான்.

மூலையிலிருந்த கமலாதேவி அந்தச் சிரிப்பையே கண் வெட்டாமல் பார்த்தா. பிறகு வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு, தொண்டையைச் செருமினா.

“தம்பி மட்டும் தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கிறதைப் பாக்க எனக்கு மனங்கேக்குதில்லை அக்கா, என்ர வெக்கத்தையும் சொல்லிப்போடுறன்: நீங்கள் முகமில்லையெண்டு அழுததைப் பொறுக்காமல் நான் குடுத்தது என்ர மனுசன்ர படம், அந்தக் கண்ணும் மூக்கும் அவற்ர, அதில எங்கட சோம அத்தான்ர எண்டு இருக்கிறது அந்த வாய் ஒண்டுதான்.”